கல்லைத் தின்னும் வேர்



விதைப்பவர் உவமையைப் பற்றி நாம் எத்தனை முறை மறையுரை ஆற்றியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. வழியோரத்து விதை, பாறைமேல் விழுந்த விதை, முட்செடிகளுக்கிடையே விழுந்த விதை, நல்ல நிலத்து விதை என்று நான்கையும் வரிசையாக எடுத்துச் சொல்லி, பாறையைப் பயனற்ற நெஞ்சுக்கு உவமையாக்கி முடித்துவிடுவது குருமடத்தை விட்டு வந்த நாள் முதல் நம் வழக்கம். ஜூலை மாதத்து ஞாயிறொன்றில் அவ்வாறே முடித்துவிட்டு, திருவுடைகளைக் களைந்து வெளியே வந்தபோது, பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றிலிருந்து வாரந்தோறும் திருப்பலிக்கு வரும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வேப்பமர நிழலில் நமக்காகக் காத்து நின்றார்.

“சாமி கோவிச்சுக்கக் கூடாதுங்க. பாறையில உழுந்தது எல்லாமே காஞ்சு போறதில்லீங்க. எங்க தோட்டத்துக்கு ஒருக்கா வாங்க, காட்டறனுங்க” என்றார்.

உவமை வேறு, வேளாண்மை வேறு என்று நாம் சிரித்து மழுப்பப் பார்த்தோம். அவர் விடவில்லை. அவருக்கு வேறொரு காரியமும் இருந்தது என்பது போன பின்புதான் தெரிந்தது.

அவரது தோட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதும் மானாவாரி மேட்டுக்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். கொங்கு நாட்டில் கொறங்காடு என்று சொல்வார்களே, அதுதான். அதன் நடுவே யானை படுத்ததுபோல் ஒரு கருங்கற்பாறை. பாறையின் முதுகில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பிலிருந்து எழுந்து நிற்கிறது ஒரு முதிர்ந்த வெள்வேல மரம். அடிமரத்தைச் சுற்றி ஒரு கூடை மண்கூட இல்லை. தம் சிறுவயதில் அந்த வெடிப்பில் விரல் நுழையாதென்றும், இப்போது கை முழுவதும் போகுமென்றும் சொல்லிப் பெரியவர் தம் கையை மணிக்கட்டு வரை விட்டுக் காட்டினார். நம்மையும் விடச் சொன்னார். பாம்பு இருக்குமோ என்ற அச்சத்தால் நாம் விடவில்லை.

அதன் பிறகு கிணற்றுக்கு அழைத்துச் சென்றார். ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின் நீர் வற்றிப்போன, அறுபதடி ஆழமுள்ள பழைய சதுரக் கிணறு. மண்ணைப் பற்றி நாம் படித்தவை எல்லாவற்றையும்விட அக்கிணற்றின் சுவர் அன்று நமக்குத் தெளிவாகப் பாடம் சொல்லிற்று. மேலே முழங்காலளவுக்குச் செம்மண். அதன்கீழ்ச் சரளை. அதன்கீழ், நெடுகத் திட்டுத் திட்டாகவும் விரல் விரலாகவும் வெண்ணிறச் சுக்கான்கல். அதற்கும் கீழே, பார்வைக்குப் பாறையாகவும் தொட்டால் அச்சுவெல்லம்போல் உதிர்வதாகவும் உள்ள ஓர் அடுக்கு. கருமையும் வெண்மையும் மாறிமாறி ஓடும் பாறை வரிகள் அதில் கலையாமல் இருக்கின்றன. ஆயின் கல்லின் உறுதி மட்டும் போய்விட்டது. அடியில்தான் வெடிவைத்து உடைத்த மெய்யான கருங்கல். முப்பதடி ஆழத்திலும் கற்களின் இடுக்கிலிருந்து வேர்கள் சடைசடையாகத் தொங்கின.

அங்கே நின்றுதான் பெரியவர் தம் காரியத்தைச் சொன்னார். மகன் தொழிலுக்காக வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. ஓர் ஒப்பந்தக்காரர், மேட்டுக்காட்டில் இரண்டு ஏக்கருக்குச் செம்மண்ணையும் சரளையையும் அள்ளிக்கொள்ள விலை பேசுகிறார். கனிமவளத் துறையின் அனுமதி முதலியவற்றைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். பெரியவர் தயங்கியபோது, “நாலு மழை பேஞ்சாக் கீழ இருக்கற பாறை உதுந்து மறுபடியும் மண்ணாயிருங்க” என்று தேற்றினாராம்.

“அது நெசமாங்க சாமி? படிச்சவங்களக் கேட்டுச் சொல்லுங்க” என்றார் பெரியவர்.

நாம் குருமடத்தில் கற்றது மெய்யியலும் இறையியலும், நிலவியல் அன்று. எனினும் கேட்டவருக்கு விடை சொல்ல வேண்டுமே. நூல்களைத் தேடியும், நிலவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் தொந்தரவு செய்தும் அறிந்தவற்றையே இம்மாதம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கொங்கு நாட்டின் தரைக்கடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் எனப்படும் மிகப் பழைய பாறைகள். அவற்றுட் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. சார்னோக்கைட் என்ற பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைமேல் உள்ள கல், சென்னைப் பல்லாவரம் பகுதிப் பாறையின் இனத்தது என்று கண்ட தாமஸ் ஹாலந்து 1893-ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரை இட்டார். இப்பாறைகளில் மிகுதியாக இருக்கும் கனிமம் ஃபெல்ஸ்பார். காங்கேயத்துப் பக்கம் பொறுக்கியெடுக்கும் சந்திரகாந்தக்கல்லும் அவ்வினத்ததே. இந்த ஃபெல்ஸ்பார்தான் பாறையின் பலவீனமான இடம்.

பாறையைச் சிதைப்பவை வெயிலும் மழையும் என்றே பள்ளியில் படித்தோம். அது தவறன்று, ஆயினும் பாதிதான். மழைநீர் தனியே மிக மெதுவாகவே கல்லைக் கரைக்கும். அந்நீரைப் புளிப்பேற்றித் தருவது வேர். நம்மைப்போலவே வேரும் மூச்சு விடுகிறது, கரியமிலவாயுவை வெளியிடுகிறது. வேர்கள் நிறைந்த மண்ணின் துளைகளில் உள்ள காற்றில் அவ்வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பத்து முதல் நூறு மடங்கு வரை இருக்கும். அது நீரில் கரைந்தால் கிடைப்பது, கோலி சோடாவைக் குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று படுகிறதே, அதே மென்மையான அமிலம். அந்தச் சோடா நீர் இரவும் பகலும் ஃபெல்ஸ்பாரைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதிலுள்ள பொட்டாசியமும் கால்சியமும் சோடியமும் கழன்று வெளியேறி, எஞ்சியது களிமண்ணாக மாறுகிறது. பாறையில் உள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. பெருந்துறை மண்ணின் செந்நிறம் அத்துருவின் நிறமே. எதற்கும் மசியாத குவார்ட்சு மட்டும் மணலாகவும், நம் காடுகளில் உழவர் காலைக் குத்தும் வெங்கச்சங்கல்லாகவும் கிடக்கிறது. பெரியவரின் கிணற்றில் வெல்லம்போல் உதிர்ந்த அடுக்கு இந்த வேலை பாதி முடிந்த இடம்.

வேரிடம் இன்னும் கூர்மையான ஆயுதங்களும் உண்டு. எலுமிச்சையில் உள்ள அமிலம், புளிச்சக்கீரையில் உள்ள அமிலம் போன்றவற்றை வேர் நுனிகள் தாமே கசிய விடுகின்றன. வீட்டில் சமையல் மேடைக்குக் கடப்பைக்கல் போட்டவர்களுக்கு இது விளங்கும். எலுமிச்சைச் சாறு சிந்தி உடனே துடைக்காவிட்டால், மெருகு போய் வெள்ளையாக ஒரு தடம் விழுந்துவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கடப்பைக்கல் சுண்ணாம்புப் பாறையாதலின் அமிலம் அதை அரித்துவிடுகிறது. 1860-களில் ஜெர்மானியத் தாவர அறிஞர் யூலியஸ் சாக்ஸ் இதையே ஒரு சோதனையாகச் செய்து காட்டினார். மெருகிட்ட சலவைக்கல் பலகையை மண்ணுக்கடியில் சாய்த்து வைத்து மேலே விதைகளை முளைக்க விட்டார். சில வாரங்கள் கழித்துக் கழுவிப் பார்த்தபோது, வேர்கள் படர்ந்த வழியெல்லாம் கல்லில் கோலம்போல் பதிந்திருந்தது. நமது பங்கின் மறைக்கல்விச் சிறுவர்கள், வீடு கட்டும் இடத்தில் கிடைத்த சலவைக்கல் துண்டொன்றைத் தொட்டியில் வைத்து அவரை விதைத்து இதைச் செய்தனர். இரு மாதத்தில் கோலம் விழுந்தது. வாசகர் இல்லங்களிலும் செய்து பார்க்கலாம். கிரானைட்டு வேண்டாம், அது இவ்வளவு விரைவில் தடம் காட்டாது.

வேருக்கு எட்டாத இடத்துக்கு அதன் கூட்டாளி போகிறது. மரங்களின் வேரோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சைகள் நூலினும் மெல்லிய இழைகளை அனுப்பி, ஃபெல்ஸ்பார் மணிகளுக்குள்ளேயே சுரங்கம் அமைக்கின்றன என்பதை ஐரோப்பிய ஊசியிலைக் காட்டு மண்ணில் கண்டு 1997-இல் வெளியிட்டார்கள். மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் மூன்று முதல் பத்துக் கூறு அகலமே உடைய சுரங்கங்கள் அவை. அவ்வாறு கரைத்தெடுத்த உப்புகளைப் பூஞ்சை மரத்துக்குத் தருகிறது. மரம் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் தருகிறது. கரும்புச் சோகை கையை அறுப்பதற்கும் பாறையே காரணம் என்பது நமக்குப் புதுச் செய்தி. புல்லினங்கள் கல்லில் கரைந்த சிலிகாவை உறிஞ்சி இலை விளிம்பில் கண்ணாடிப் பொடிபோல் சேர்த்துக்கொள்கின்றனவாம்.

இனி, வெடிப்பில் நின்ற வேல மரத்துக்கு வருவோம். வேர் பாறையைப் பிளக்கும் என்பது நம்மவர் அனைவரும் சொல்வது. 1893-இல் வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற மற்றொரு ஜெர்மானியர், வளரும் வேர்களைப் பாரிஸ் சாந்தில் பதித்து அவை தள்ளும் விசையை அளந்தார். அது காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு இருந்தது; அதாவது, கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றைவிட நான்கைந்து மடங்கு வலியது. கேட்பதற்குப் பெரிதாக இருப்பினும் பழுதற்ற கருங்கல்லைப் பிளக்க இது போதாது. வேர் புதிதாகப் பாறையை உடைப்பதில்லை. முன்பே உள்ள வெடிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. மயிரிழைபோல் நுழைந்து ஆண்டுதோறும் பருக்கிறது. அமிலத்தால் விளிம்பை இளக்கி, ஆப்புப்போல் அழுத்தி, காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் கடப்பாரைபோல் நெம்புகிறது. இலையும் தூசும் உள்ளே விழுந்து ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. விரல் நுழையாத இடத்தில் கை நுழைவது இப்படித்தான்.

வெடிப்பே இல்லாத மொட்டைப் பாறையில் முதலில் குடியேறுபவை லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. அந்நியப் பெயராயிற்றே என்று மலைக்க வேண்டாம்; பிரியாணிக்கும் குழம்புப் பொடிக்கும் நம் இல்லத்தரசிகள் வாங்கும் கல்பாசி லைக்கனே. இவை வேரற்றவை, ஆயினும் மெல்லிய இழைகளால் கல்லின் மேற்பரப்பைத் துளைத்துச் சில மில்லிமீட்டர் ஆழம் வரை தளர்த்துகின்றன. வளர்ச்சியோ ஆமை வேகம்; சில இனங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல் என்பவர் 1950-ஆம் ஆண்டையொட்டி, ஆண்டு பொறித்த கல்லறைக் கற்களில் படர்ந்த லைக்கன்களை அளந்து, அவற்றின் அளவைக்கொண்டு பனிமலைப் பாறைகள் வெளிப்பட்ட காலத்தைக் கணிக்கும் முறையை வகுத்தார். கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவர்கள் என்ற முறையில் இச்செய்தி நமக்குப் பிடித்திருந்தது.

கல்வெட்டுகளுக்கு இவற்றால் ஏற்படும் கேடு சிறிதன்று. நம் பக்கத்து அறச்சலூர் மலையில், இசைக்கும் கூத்துக்கும் உரிய எழுத்தடைவுகள் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. இயற்கையான பாறைக் குகைத்தளத்தில் பொறிக்கப்பட்டதால் மழையும் பாசியும் அதை எளிதில் அணுக முடியவில்லை. திறந்தவெளிக் கற்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுரண்டிக் கழுவிவிடலாமே என்றால் அதிலும் தொல்லை உண்டு. கம்போடியாவின் அங்கோர் வாட் கோவிலில் 1986 முதல் 1993 வரை சீரமைப்புப் பணி செய்த இந்தியத் தொல்லியல் துறையினர், கல்மேல் படிந்தவற்றை வேதிப்பொருள்களால் அகற்றியபோது, கல்லின் தோலே போய்விடும் என்று பலர் குறை கூறினர். படர விட்டாலும் கேடு, பறித்தாலும் கேடு என்ற இந்த இக்கட்டு நமக்கும் ஒருமுறை நேர்ந்தது. சொல்வதற்கு வெட்கமாயிருப்பினும் சொல்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றினோம். கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டிய பழைய மணிக்கூண்டு அங்கே உண்டு. ஒருநாள் உபதேசியார் அண்ணாந்து பார்த்து, “சாமீ, அரசஞ் செடிங்க. இப்பவே வேரோட புடுங்கிப் போட்டரோணுமுங்க” என்றார். நமக்கு இரண்டு இலைகள் மட்டுமே தெரிந்தன. சாரம் கட்ட ஆள் வேண்டும், செலவு ஆகும், திருவிழா முடியட்டும் என்றோம். அந்தத் திருவிழா முடிந்து, அடுத்ததும் முடிந்தது. மூன்றாம் ஆண்டில் ஆளை ஏற்றி, தண்டை அரிவாளால் வெட்டச் செய்து, காரியம் முடிந்ததென்று நிம்மதியடைந்தோம். மறு மழைக்கு அதே இடத்தில் நான்கு தளிர்கள் வந்தன.

அரசும் ஆலும் அத்தி இனத்தவை. காக்கையும் குயிலும் பழத்தைத் தின்று எச்சமிடுமிடத்தில், ஒரு சிட்டிகைத் தூசு இருந்தாலும் போதும், விதை முளைத்துவிடும். மேலே வெட்டினால் உள்ளே வேர் மேலும் பருக்கும். ஒரு நவம்பர் மாதத்து இரவு, விடாத மழையில், மணிக்கூண்டின் ஒரு மூலை இடிந்து ஒரு வண்டிக் கல் கீழே விழுந்தது. விழுந்த இடம், ஞாயிறு காலையில் கைக்குழந்தைகளோடு பெண்கள் நிற்கும் இடம். அன்று வெள்ளிக்கிழமை, அதனால் உயிர்ச்சேதம் இல்லை. பழுது பார்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை பணமும் தறிக்கூலியிலிருந்தும் பாற்காசிலிருந்தும் மக்கள் கொடுத்தது. அரசமரத்தின் மேல் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

அப்போது வேலைக்கு வந்த முதிய கொத்தனார், கூண்டின் பழைய சாந்தைக் கையில் தேய்த்துப் பார்த்து, இது சுக்கான்கல்லைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பு என்றார். பெரியவரின் கிணற்றுச் சுவரில் விரல் விரலாக வெண்கல்லைப் பார்த்தபோதுதான் அது நம் நினைவுக்கு வந்தது. நம் பகுதி மேற்கு மலைகளின் மழை மறைவில் உள்ளது. உலர்ந்த காற்றுக்காகவே ஒரு காலத்தில் பெருந்துறையில் காசநோய் மருத்துவமனை அமைந்தது. இன்றும் அப்பக்கத்தைச் சானடோரியம் என்றே அழைக்கிறோம். இத்தகைய வறண்ட நாட்டில், பாறையிலிருந்து கரைந்த கால்சியத்தை ஆறு வரை அடித்துச் செல்லப் போதிய மழை இல்லை. வேர் நீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு வேரைச் சுற்றியே படிந்து இறுகிவிடுகிறது. வேர் மக்கிய பின்னும் அதன் அச்சு கல்லாய் நிற்கிறது. அந்தக் கல்லைத்தான் சுட்டு நம் முன்னோர் கோவில் கட்டினர். அந்தச் சாந்திலேயே மற்றொரு வேர் வந்து குடியேறிற்று.

ஆலயக் கட்டடங்களைப் பராமரிக்கும் சகோதரக் குருக்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும் ஒரு வார்த்தை. ஈரிலைப் பருவத்தில் செடியை விரலாலேயே எடுத்துவிடலாம். எழுதுகோல் பருமன் ஆகிவிட்டால் இழுக்கக் கூடாது. இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, அடிக்கட்டையில் துளையிட்டுப் பட்டுப்போகச் செய்து, உலர்ந்த பிறகு சிறிது சிறிதாக எடுத்து, இடுக்கைப் பழைய முறைச் சுண்ணச்சாந்தால் அடைக்க வேண்டும். பழைய சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, ஓரத்தில் புதிய வெடிப்பு உண்டாகும். மரம் முற்றிலும் பெருத்துவிட்டால் கதையே வேறு. அந்தமான் ரோஸ் தீவில் ஆங்கிலேயர் கட்டிய தேவாலயத்தின் சுவர்களை அத்தி வேர்கள் பின்னிப் பிடித்திருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கம்போடியாவின் தா புரோம் கோவிலிலும் அவ்வாறே. இடித்ததும் வேர், இடிந்ததைத் தாங்கி நிற்பதும் வேர் என்ற நிலையில், அங்கே நம் தொல்லியல் துறையினர் மரத்தையும் காத்துக் கல்லையும் காக்க வேண்டியதாயிற்று.

மலைச்சரிவிலும் இதே இருமுகம்தான். நீலகிரியின் மழை மிகுதியில் பாறைகள் பல மீட்டர் ஆழத்துக்கு உளுத்துச் செம்மண்ணாகிவிட்டன. அவ்வாறு உளுக்க உதவிய வேர்களே சரிவின் மேல்மண்ணைப் பின்னிப் பிடித்தும் வைக்கின்றன. 2009 நவம்பரில் கொட்டித் தீர்த்த மழையில் அங்கே நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இனிப் பெரியவரின் கேள்வி. செடிகொடிகள் பாறைச் சிதைவை எவ்வளவு விரைவுபடுத்துகின்றன என்பதை ஐஸ்லாந்துத் தீவில் அளந்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, ஒரே வகைக் கல்லும் ஒரே மழையும் உள்ள இடங்களில், மரங்கள் வளர்ந்த நிலத்திலிருந்து கால்சியமும் மக்னீசியமும் வெறும் நிலத்தைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு மிகுதியாக வெளிவந்தன. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் தாவரங்கள் கரையேறி, 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ வேரூன்றும் காடுகள் தோன்றிய பின், காற்றிலிருந்த கரியமிலவாயு பெருமளவு குறைந்ததற்கும் இந்தச் சிதைவு ஒரு காரணம் என்கிறார்கள். பாறை கரையும்போது அவ்வாயு உப்பாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போய்விடுகிறது. அதையே இன்று செயற்கையாகச் செய்ய, எரிமலைக் கருங்கல்லைப் பொடித்து வயல்களில் தூவுகிறார்கள். இந்தியச் சிறு விவசாயிகளின் நிலங்களில் இதைச் செய்துவரும் மாட்டி கார்பன் என்ற நிறுவனத்துக்கு 2025-இல் 5 கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசு கிடைத்தது.

இத்தனை விரைவுபடுத்தியும் என்ன? ஓரங்குல மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள். நம்மைப்போன்ற வறண்ட, கடும்பாறை நிலத்தில் அது ஆயிரத்தையும் தாண்டக்கூடும். அந்த மேட்டுக்காட்டின் முழங்காலளவு செம்மண், சேரரும் சோழரும் கொங்கை ஆள வருவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிய வேலை. சரளையையும் அள்ளிவிட்டால் வேருக்குப் பிடிப்பும் ஈரமும் இல்லாத வெறும் உளுத்த பாறை மட்டும் வெயிலில் கிடக்கும். கோவையை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற்சூளைகளுக்காகச் செம்மண்ணை எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்பதையும், 2021-இல் அச்சூளைகள் மூடப்பட்டதையும் நம் வாசகர்கள் அறிவர். சூளைகளை மூடலாம், மண் திரும்பி வராது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப, என்ற பேரனோட பேரனுக்குங்கூட வராதுங்களா?”

“வராது ஐயா.”

சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மகனுக்கு வட்டி கட்டும் நாளைச் சொன்னார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. கடன் கொடுத்தவர் காலத்தை ஆயிரம் ஆண்டுக் கணக்கில் எண்ணுவதில்லை.

பொங்கல் கழிந்து மறுபடியும் அப்பக்கம் போனோம். கிழக்கு ஓரத்தில் ஓர் ஏக்கர் அளவுக்கு லாரித் தடமும் பள்ளமுமாக இருந்தது. மற்றோர் ஏக்கரைக் கொடுக்கவில்லை. அதற்கு ஈடாக இரண்டு காங்கேயம் எருதுகளை விற்றிருக்கிறார். நடுவிலிருந்த பாறையை ஜல்லிக்காகச் சேர்த்து விலை பேச வந்தார்களாம்; அதற்கு மட்டும் அவர் உடன்படவேயில்லை என்று மகன் சற்றுக் குறையாகவே சொன்னார். வேல மரம் அதே வெடிப்பில் நின்றது. இம்முறை நாமும் கையை விட்டுப் பார்த்தோம். மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே ஈரமாக இருந்தது.

அடுத்த முறை விதைப்பவர் உவமை வரும்போது, பாறையைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் பெரியவர் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்வதாக இருக்கிறோம்.